எலெக்ட்ரிக் காரில் டிரெய்லர் இழுக்கலாமா? முழுமையான வழிகாட்டி

இழுக்கும் பலத்தில் எலெக்ட்ரிக் காருக்கு ஒரு குறையும் கிடையாது. மோட்டார் சுழலத் தொடங்கும் கணத்திலேயே முழு முறுக்குவிசையும் சக்கரத்துக்கு வந்துவிடுகிறது. கிளட்ச் தேயாது, கியர் மாற்ற வேண்டாம், ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது வண்டி பின்னால் உருளுமோ என்ற பதற்றமும் இல்லை. பேட்டரியின் எடை தரையை ஒட்டியே இருப்பதால் கார் நிலையாகவும் நிற்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு லிட்டர் பெட்ரோலில் ஏறக்குறைய 9 யூனிட் ஆற்றல் உண்டு (ஒரு கிலோவாட் மணியைத்தான் யூனிட் என்கிறேன்). அப்படிப் பார்த்தால் 80 யூனிட் பேட்டரி என்பது 9 லிட்டர் பெட்ரோல். காரை மட்டும் ஓட்டும்போது இந்தச் சின்ன இருப்பே 400 கி.மீ. வரை தாங்குகிறது. மோட்டார் அவ்வளவு சிக்கனமானது. பின்னால் உயரமான கேரவன் (உள்ளே தங்கும் வசதியுள்ள டிரெய்லர்) ஒன்றை மாட்டினால் காற்று கேட்கும் கணக்கு இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அங்கே மோட்டாரின் சிக்கனம் எதுவும் செய்ய முடியாது. பெட்ரோல், டீசல் காரும் இதே காற்றைத்தான் கிழித்துக்கொண்டு போகிறது. ஆனால் அதன் டேங்க் பெரியது, ஐந்து நிமிடத்தில் நிரம்பியும் விடும். அதனால் அந்த இழப்பு யார் கண்ணிலும் படுவதில்லை.

ஆகவே "இந்தக் கார் எத்தனை கிலோ இழுக்கும்?" என்பதை இரண்டாவது கேள்வியாக வைத்துக்கொள்ளுங்கள். "நான் போகும் வழியில் ஒரு சார்ஜருக்கும் அடுத்த சார்ஜருக்கும் நடுவே எவ்வளவு தூரம்?" என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை தேடும் வேலைதான் கீழே உள்ள படிகள்.

படி 1: காரின் அனுமதியைப் பாருங்கள்

எல்லா எலெக்ட்ரிக் காருக்கும் இழுக்க அனுமதி இல்லை. நிஸான் லீஃப், ரெனோ ஸோயி போன்ற கார்கள் டிரெய்லர் இழுக்கும் அனுமதி இல்லாமலேயே விற்கப்பட்டவை. அப்படிப்பட்ட காரில் வெளிக்கடையில் கொக்கி மாட்டிக்கொண்டால் வாரண்டியும் காப்பீடும் கேள்விக்குறியாகிவிடும். சைக்கிள் மாட்டும் தாங்கிக்கு மட்டும் அனுமதி கொடுத்து, டிரெய்லருக்குக் கொடுக்காத மாடல்களும் உண்டு. கொக்கி இருக்கிறது என்பதற்காக இழுக்கலாம் என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

அனுமதி உள்ள கார்களில் வித்தியாசம் பெரிது. ஹூண்டாய் ஐயோனிக் 5 காரின் பெரிய பேட்டரி வகை ஐரோப்பாவில் 1,600 கிலோ வரை இழுக்கலாம். பி.எம்.டபிள்யூ ஐ.எக்ஸ். காருக்கு 2,500 கிலோ. அமெரிக்கப் பிக்கப்புகளுக்குப் போனால் ஃபோர்டு எஃப்-150 லைட்னிங் சுமார் 4,500 கிலோ, ரிவியன் ஆர்1டி சுமார் 5,000 கிலோ. இவையெல்லாம் விளம்பரத்துக்காகப் போட்ட எண்கள் அல்ல. உதாரணமாக ஐரோப்பிய விதிப்படி, முழுச் சுமையோடு 12 சதவீத ஏற்றத்தில் ஐந்து நிமிடத்துக்குள் ஐந்து முறை நின்று கிளம்பிக் காட்ட வேண்டும்.

ஆவணத்தில் நான்கு எண்களைத் தேடுங்கள்.

பிரேக் உள்ள டிரெய்லருக்கான எடை, பிரேக் இல்லாத டிரெய்லருக்கான எடை. இரண்டும் தனித்தனி. பிரேக் இல்லாததற்குப் பெரும்பாலும் 750 கிலோதான் உச்சம்.

கொக்கியின் மேல் செங்குத்தாக அழுத்தும் எடை. ஐரோப்பியக் கார்களில் இது 75 முதல் 100 கிலோ வரை இருப்பது சாதாரணம்.

காரும் டிரெய்லரும் சேர்ந்த மொத்த எடை.

காருக்குள் ஏற்றக்கூடிய எடை. எலெக்ட்ரிக் காரில் ஆட்கள் ஏமாறுவது இங்கேதான். பேட்டரியே பெரும் பாரம் என்பதால் சில மாடல்களில் உள்ளே ஏற்ற 450 கிலோதான் மிஞ்சும். தலைக்கு 75 கிலோ வீதம் ஐந்து பேர் என்றால் 375 ஆகிவிட்டது. கொக்கி அழுத்தும் 80 கிலோவும் இதே கணக்கில்தான் சேரும். சூட்கேஸ் வைப்பதற்கு முன்பே வரம்பு தாண்டிவிட்டது.

ஓட்டுநர் உரிமத்தையும் ஒரு முறை பாருங்கள். பல நாடுகளில் கார், டிரெய்லர் இரண்டின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடையைக் கூட்டித்தான் உரிமத்தின் வரம்பு சொல்லப்படுகிறது. டீசல் காரோடு அந்த வரம்புக்குள் நின்ற அதே கேரவன், அதைவிடக் கனமான எலெக்ட்ரிக் காரோடு சேரும்போது வெளியே போய்விடலாம்.

படி 2: எடையை விட வடிவத்தைப் பாருங்கள்

எனக்கு இதுதான் இந்த வழிகாட்டியின் மையப் பகுதி. கேரவன் வாங்கப் போகிறவர்கள் எடையைப் பற்றியே பேசுவார்கள். சமதரைச் சாலையில் எடை தின்பது கொஞ்சம்தான். மிச்சத்தை எல்லாம் காற்று தின்கிறது.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். 2,200 கிலோ எலெக்ட்ரிக் எஸ்.யு.வி., பின்னால் 1,400 கிலோவில் உயரமான கேரவன், மணிக்கு 90 கி.மீ. வேகம், சமதரை, காற்று இல்லாத நாள். கார் மட்டும் என்றால் 100 கி.மீ.க்குச் சுமார் 17 யூனிட் ஆகும். கேரவனோடு சுமார் 40 யூனிட். கூடுதலான 23 யூனிட்டில் டயர் உருளுவதற்கான பங்கு, அதாவது எடையால் வருவது, ஏறக்குறைய 4 யூனிட்தான். மீதி 19 யூனிட் காற்றுத் தடை. கேரவனுக்குள் இன்னும் 200 கிலோ சாமான் ஏற்றினால்கூட அரை யூனிட்டுக்குச் சற்று மேல்தான் கூடும். அதே சமயம் கேரவனின் உயரத்தை ஒரு மீட்டர் குறைக்க முடிந்தால் யூனிட்டுகள் கொத்தாக மிஞ்சும்.

நிஜச் சோதனையிலும் இது தெரிந்தது. 2022-ல் அமெரிக்காவின் மோட்டார் டிரெண்ட் இதழ் எஃப்-150 லைட்னிங் வண்டியில் மூன்று கேரவன்களை மாறி மாறி மாட்டி ஓட்டிப் பார்த்தது. சுமார் 1,400 கிலோ கேரவனோடு 185 கி.மீ. போனது. 2,400 கிலோவோடு 160 கி.மீ. 3,270 கிலோவோடு 145 கி.மீ. எடை இரண்டு மடங்கைத் தாண்டியும் தூரம் கால்வாசிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் சரிந்தது. எதுவும் மாட்டாதபோது அதே வண்டி 400 கி.மீ.யைத் தாண்டியது. பெரிய சரிவு, ஏதோ ஒன்றை மாட்டியவுடனே வந்துவிட்டது.

ஆகவே புதிதாக வாங்குகிறவர்கள் காரின் நிழலுக்குள் ஒளிந்துகொள்ளும் டிரெய்லரைத் தேடுங்கள். கண்ணீர்த்துளி வடிவத்தில் வரும் குட்டி கேரவன், ஓடும்போது கூரையைத் தாழ்த்திக்கொண்டு நிறுத்தியபின் உயர்த்தும் வகை, மடித்து வைக்கும் கூடார டிரெய்லர் எல்லாம் நல்லவை. காரின் உயரத்துக்குள் அடங்கும் 700 கிலோ டிரெய்லர் என்றால் மேலே சொன்ன கார் 100 கி.மீ.க்கு 25 யூனிட்டுக்குள்ளேயே முடித்துவிடும். தார்ப்பாய் போட்ட சாமான் டிரெய்லர் வைத்திருப்பவர்கள் தார்ப்பாயை இழுத்துக் கட்டுங்கள். காற்றில் படபடக்கும் துணியும் ஒரு தடைதான்.

சக்கரத்தில் சொந்த மோட்டாரும் பேட்டரியும் வைத்த கேரவன்கள் பற்றியும் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஜெர்மனியின் டெத்லெஃப்ஸ் நிறுவனம் தன் மாதிரி வண்டியை 2021-ல் ஆல்ப்ஸ் மலையைக் கடந்து இத்தாலியின் கார்டா ஏரி வரை ஓட்டிக் காட்டியது. இழுத்தது ஒரு ஆடி இ-டிரான். 2022-ல் ஏர்ஸ்ட்ரீம் தன் மாதிரியைக் காட்டியது. 2023-ல் லைட்ஷிப் என்ற அமெரிக்க நிறுவனம் ஓடும்போது கூரை தாழும் மாடலை அறிமுகப்படுத்தியது. யோசனை அருமையானதுதான். ஆனால் அதை நம்பி உங்கள் அடுத்த விடுமுறையைத் திட்டமிட வேண்டாம்.

படி 3: உங்கள் சொந்த எண்ணைக் கண்டுபிடியுங்கள்

மேலே உள்ளவை என் கணக்கு. உங்கள் காருக்கும் உங்கள் டிரெய்லருக்கும் வேறு எண் வரும். அதை வீட்டிலிருந்து கிளம்புவதற்கு முன்பே தெரிந்துகொள்ள வேண்டும், பாதி வழியில் அல்ல.

பயணத்துக்குப் போகும்போது எப்படிச் சாமான் ஏற்றுவீர்களோ அப்படியே ஏற்றுங்கள். ஓரளவு சமமான நெடுஞ்சாலையில் 25 கி.மீ. போய், அதே சாலையில் 25 கி.மீ. திரும்புங்கள். போகும்போது அடிக்கும் எதிர்க்காற்று வரும்போது பின்காற்றாகிவிடும் என்பதால் பெரும்பாலும் சரிக்குச் சரி ஆகிவிடும். கிளம்பும் முன் டிரிப் மீட்டரைப் பூஜ்யத்தில் வையுங்கள். வேகத்தை 90-ல் நிறுத்திக்கொள்ளுங்கள். திரும்பி வந்ததும் 100 கி.மீ.க்கு எத்தனை யூனிட் என்று திரை காட்டுவதைக் குறித்துக்கொள்ளுங்கள். முடிந்தால் 80-லும் ஒரு முறை.

திரையில் ஓடும் "மீதி தூரம்" என்ற எண்ணை இந்தச் சமயத்தில் நம்பவே வேண்டாம். அது நேற்று வரை தனியாக ஓடிய காரின் கணக்கை வைத்துச் சொல்கிறது. டிரெய்லரோடு கொஞ்ச தூரம் ஓடிய பிறகுதான் அதற்கு விஷயம் புரியும். டிரெய்லரின் அளவையும் எடையையும் முன்கூட்டியே பதிந்து வைக்கும் வசதி சில கார்களில் உண்டு. இருந்தால் பயன்படுத்துங்கள்.

இப்போது கணக்கு சுலபம். 80 யூனிட் பேட்டரி, 40 யூனிட் செலவு என்று வைத்துக்கொண்டால், நூறு சதவீதத்திலிருந்து பத்து சதவீதம் வரை 72 யூனிட், அதாவது 180 கி.மீ. முதல் கட்டம் அதுதான். அதற்கப்புறம் வழியில் பத்திலிருந்து எண்பது வரைதான் சார்ஜ் போடுவீர்கள், ஏனென்றால் எண்பதுக்கு மேல் சார்ஜ் ஏறும் வேகம் மளமளவென்று குறைந்துவிடும். அந்த எழுபது சதவீதம் 56 யூனிட், 140 கி.மீ. "400 கி.மீ. போகும் கார்" என்று வாங்கியது டிரெய்லரோடு 140 கி.மீ.க்கு ஒரு முறை நிற்கும் கார் ஆகிறது. இந்த எண் உங்களுக்கு ஒத்துவருமா என்பதை இங்கேயே முடிவு செய்யலாம். சார்ஜர் நெருக்கமாக உள்ள வழிகளில் இது பெரிய தொல்லை இல்லை. 200 கி.மீ. வெற்று நெடுஞ்சாலை நடுவே வந்தால் அந்த வழிக்கு இந்தக் கார் சரிப்படாது, அவ்வளவுதான்.

படி 4: வேகத்தை முடிவு செய்து, வழியைப் பிரித்துக்கொள்ளுங்கள்

மேலே சொன்ன அதே கார், அதே கேரவன். 80-ல் போனால் 100 கி.மீ.க்கு 35 யூனிட், 90-ல் 40, 100-ல் 47. இப்போது 400 கி.மீ. பயணம். முழு சார்ஜோடு கிளம்பி, பத்து சதவீதத்தோடு சேர வேண்டும். சார்ஜர் சராசரியாக 100 கிலோவாட், அதாவது மணிக்கு 100 யூனிட் கொடுக்கிறது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் உள்ளே நுழைய, கழற்ற, மாட்ட 15 நிமிடம் வீணாகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

100-ல் போனால் ஓட்டும் நேரம் 4 மணி. ஆனால் வழியில் 116 யூனிட் ஏற்ற வேண்டும், மூன்று முறை நிற்க வேண்டும். மொத்தம் 5 மணி 55 நிமிடம்.

90-ல் போனால் ஓட்டும் நேரம் 4 மணி 27 நிமிடம். 88 யூனிட், இரண்டு நிறுத்தம். மொத்தம் 5 மணி 50 நிமிடம்.

80-ல் போனால் 5 மணி நேரம் ஓட்ட வேண்டும். 68 யூனிட், அப்போதும் இரண்டு நிறுத்தம். மொத்தம் 6 மணி 11 நிமிடம்.

வேகமாகப் போனவர் ஐந்து நிமிடம் தாமதமாக வந்து சேர்கிறார், மின்சாரக் கட்டணமும் கூட. சார்ஜர் மெதுவாக இருந்தால் இந்தக் கணக்கு இன்னும் மெதுவான வேகத்தின் பக்கம் சாயும். ஒரு நிறுத்தம் குறைகிறதா என்பதுதான் கேள்வி. வேகத்தைக் குறைத்தும் நிறுத்தம் குறையவில்லை என்றால் அந்தக் குறைப்பால் நேரத்தில் லாபம் இல்லை. பல நாடுகளில் டிரெய்லருக்குத் தனி வேக வரம்பு உண்டு, ஜெர்மனியில் சிறப்பு அனுமதி இல்லாத டிரெய்லருக்கு 80, பிரிட்டனின் மோட்டார்வேயில் மணிக்கு 60 மைல். விதியே உங்கள் பேட்டரியைக் காப்பாற்றும் இடங்கள் இவை.

வழித்திட்டச் செயலிகளில் உங்கள் கார் எவ்வளவு செலவழிக்கும் என்பதை நீங்களே மாற்றி எழுதலாம். ஏ பெட்டர் ரூட்பிளானர் அப்படி ஒன்று. மூன்றாவது படியில் கிடைத்த எண்ணை அதில் போடுங்கள். அப்புறம் அது சொல்லும் திட்டத்தின் மேல் உங்கள் புத்தியையும் கொஞ்சம் போடுங்கள். ஒவ்வொரு சார்ஜருக்கும் 15 முதல் 20 சதவீதத்தோடு போய்ச் சேரும்படி பாருங்கள். அது பழுதாக இருந்தால் அடுத்ததுக்குப் போக மிச்சம் இருக்க வேண்டும்.

இரண்டு விஷயங்கள் திட்டத்தைக் குலைக்கும். ஒன்று மலை. 3,600 கிலோ மொத்த எடையோடு 1,000 மீட்டர் உயரம் ஏறினால், சமதரைச் செலவுக்கு மேல் பேட்டரியிலிருந்து சுமார் 11 யூனிட் போகும். எடை முக்கியமாகும் இடம் இதுதான். இறங்கும்போது அதில் ஒரு பங்கு திரும்ப வரும், முழுவதும் வராது. சார்ஜர் மலை உச்சியில் என்றால் முன்கூட்டியே அந்த 11 யூனிட்டைக் கழித்துவிடுங்கள்.

இரண்டாவது காற்று. மணிக்கு 20 கி.மீ. எதிர்க்காற்றில் 80-ல் ஓட்டுவதும் காற்றில்லாத நாளில் 100-ல் ஓட்டுவதும் செலவில் ஒன்றுதான். வானிலைச் செயலியில் மழையை மட்டும் பார்க்காமல் காற்றின் திசையையும் பாருங்கள். எதிர்க்காற்று நாளில் ஒரு நிறுத்தம் கூடுதலாக வைத்துக்கொள்வது நல்லது.

ஏசியை அணைத்து மிச்சம் பிடிக்க நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஏசி மணிக்கு ஒன்று, ஒன்றரை யூனிட் எடுக்கும். 40 யூனிட் செலவில் அது கண்ணுக்கே தெரியாது. வேகத்தை 90-லிருந்து 85-க்குக் குறைத்துவிட்டு ஏசியைப் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் போங்கள்.

படி 5: ஏற்றுவதும் மாட்டுவதும்

கனமான சாமான் டிரெய்லரின் அச்சுக்கு மேலே, தரையை ஒட்டி. இலேசானவை முன்னும் பின்னும். பின்பாரம் அதிகமானால் டிரெய்லர் வால் ஆட்டத் தொடங்கும். தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்துக்கொண்டு கிளம்புங்கள், போய்ச் சேர்ந்த இடத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

கொக்கியின் மேல் அழுத்தும் எடையை வீட்டில் எடை பார்க்கும் மெஷினிலேயே அளக்கலாம். மெஷின் மேல் ஒரு மரக்கட்டையை நிறுத்தி, அதன் மேல் டிரெய்லரின் கப்ளிங் உட்காரும்படி வைக்க வேண்டும். கட்டையின் உயரம் காரின் கொக்கி உயரத்துக்குச் சமமாக இருக்கட்டும். ஐரோப்பிய முறையில் டிரெய்லர் எடையில் 4 முதல் 7 சதவீதம் என்பார்கள், அமெரிக்காவில் 10 முதல் 15. அங்கே டிரெய்லரும் கொக்கியும் வேறு விதமாக வடிவமைக்கப்பட்டவை. இரண்டையும் குழப்பிக்கொள்ளாமல், உங்கள் காரின் கையேடு சொல்லும் வரம்பைத் தாண்டாமல் பாருங்கள்.

டயரில் காற்றழுத்தம் முழுச் சுமைக்கான அளவு இருக்க வேண்டும், காரிலும் டிரெய்லரிலும். டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதை விட நின்றே கெட்டுப்போகும். பட்டன் ஆழம் இருந்தாலும் பக்கவாட்டில் வெடிப்பு தெரிந்தால் மாற்றிவிடுங்கள்.

மின் இணைப்பைக் காரின் சொந்த வயரிங் வழியாகவே கொடுங்கள். விளக்கு எரிந்தால் போதும் என்று எங்கிருந்தாவது ஒட்டு போட்டு இழுத்தால், பின்னால் டிரெய்லர் இருப்பதே காருக்குத் தெரியாது. தெரிந்தால்தான் டிரெய்லர் ஆட்டத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பு விழித்துக்கொள்ளும், பின்பக்க சென்சார்கள் அலறாமல் இருக்கும், இழுவைக்கு ஏற்றபடி மற்ற அமைப்புகளும் மாறும்.

படி 6: ஓட்டும்போது

எலெக்ட்ரிக் காரில் டிரெய்லரோடு புதிதாகக் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று: காலை எடுப்பது. தனியாக ஓட்டும்போது ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் ரீஜென் பிரேக் (மோட்டாரே வேகத்தைக் குறைத்து, அந்த ஆற்றலைப் பேட்டரிக்குத் திருப்பும் முறை) பிடித்து வண்டி நின்றுவிடும் பழக்கம் உங்களுக்கு இருக்கும். டிரெய்லரோடு அதே மாதிரி சட்டென்று எடுத்தால் பின்னால் இருக்கும் ஒன்றரை டன் வந்து முட்டும்.

என்ன நடக்கிறது என்பது டிரெய்லரின் பிரேக்கைப் பொறுத்தது. ஐரோப்பாவில் பரவலாக உள்ள வகையில், டிரெய்லர் காரை முட்டும் அந்த அழுத்தமே அதன் பிரேக்கை இயக்கும். ரீஜென் பலமாக இருந்தால் டிரெய்லரின் பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும், பேட்டரிக்குப் போக வேண்டிய ஆற்றல் அங்கே சூடாகி வீணாகும். நீண்ட இறக்கத்தில் டிரெய்லரின் பிரேக் டிரம் நன்றாகவே சூடேறும். மின்சாரப் பிரேக் உள்ள வகையில், நீங்கள் பிரேக் பெடலை மிதித்தால்தான் டிரெய்லர் பிரேக் வேலை செய்யும் என்ற நிலை சில வண்டிகளில் வரும். அப்போது ஒற்றைப் பெடலில் ஓட்டினால் டிரெய்லரின் மொத்த எடையையும் கார் மட்டுமே தடுத்துக்கொண்டிருக்கும். இரண்டு வகைக்கும் மருந்து ஒன்றுதான். ரீஜெனை ஒரு படி குறைத்து வையுங்கள், காலை மெதுவாக எடுங்கள். ஈரச் சாலையிலும் பனியிலும் இன்னும் குறையுங்கள், அதிலும் பின்சக்கர இழுவைக் கார் என்றால் கட்டாயம்.

டிரெய்லர் ஆடத் தொடங்கினால் ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு வேகத்தைத் தானாகக் குறைய விட வேண்டும் என்பது பழைய பாடம். எலெக்ட்ரிக் காரில் "தானாகக் குறைய" விடுவதற்காகக் காலை முழுவதும் எடுத்தால் அது பிரேக் போட்டதற்குச் சமம். பெடலைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். எதிர்த் திசையில் ஸ்டீயரிங்கைத் திருப்பி ஆட்டத்தை அடக்கப் பார்க்காதீர்கள், வேகத்தைக் கூட்டி நேராக்கவும் முயலாதீர்கள்.

ஏற்றத்தில் சத்தமே இல்லாமல் வேகம் ஏறிக்கொண்டே போகும். என்ஜின் முனகல் இல்லாததால் எவ்வளவு உறிஞ்சுகிறோம் என்பது காதுக்குத் தெரியாது. அவ்வப்போது மீட்டரைப் பாருங்கள்.

படி 7: சார்ஜரில்

சலிப்பான பகுதி இதுதான், ஒளிக்க ஒன்றுமில்லை. பெரும்பாலான சார்ஜிங் இடங்கள் காரை முன்னாலோ பின்னாலோ உள்ளே செருகி நிறுத்தும்படிதான் கட்டப்பட்டிருக்கின்றன. பெட்ரோல் பங்க் மாதிரி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும் வகை சில இடங்களில்தான் உண்டு. திட்டமிடும்போதே சார்ஜரின் செயற்கைக்கோள் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். நேராக நுழைந்து வெளியேறலாமா, ஓரத்தில் கடைசி இடம் திறந்திருக்கிறதா, டிரெய்லரைக் கழற்றி வைக்கப் பக்கத்தில் இடம் உண்டா? இதைப் பார்க்க இரண்டு நிமிடம் போதும். பார்க்காமல் போய் மாட்டிக்கொண்டால் 12 மீட்டர் நீள வண்டியை ரிவர்ஸ் எடுக்க வேண்டியிருக்கும்.

கார் வாங்கும்போது சார்ஜ் துளை எங்கே இருக்கிறது என்று பார்ப்பவர்கள் குறைவு. முன்பக்க மூக்கில் இருந்தால் நேராக உள்ளே செருகலாம், டிரெய்லர் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும். பின்பக்கத்தில் இருந்தால் கழற்றியே தீர வேண்டிய இடங்கள் அதிகம்.

நீட்டிக்கொண்டு நிற்பது மற்றவர்களின் வழியை மறைக்காத இடமாக இருந்தால் சரி. மறைத்தால் கழற்றுங்கள். வரிசை இதுதான்: சமமான தரையில் நிறுத்தி டிரெய்லரின் ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். டிரெய்லரின் முன்னால் உள்ள சின்னத் தாங்கு சக்கரத்தை இறக்குங்கள். மின் பிளக்கைப் பிடுங்குங்கள். பாதுகாப்புக் கயிற்றை எடுங்கள். கடைசியாகக் கப்ளிங்கைத் தூக்குங்கள். காரை நகர்த்தும் முன் ஒரு முறை சுற்றி வந்து பாருங்கள். டிரெய்லரை விட்டுவிட்டுப் போகும்போது கப்ளிங் பூட்டு போடுங்கள். திரும்ப மாட்டும்போது விளக்கு எல்லாம் எரிகிறதா என்று ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும், அவசரத்தில் விட்டுப்போவது அதுதான்.

கூட்டமில்லாத நேரத்தில் நிற்பது பாதிச் சிரமத்தைக் குறைக்கும். சாப்பாட்டு நேரத்தையும் சார்ஜ் நேரத்தையும் ஒன்றாக வைத்துக்கொள்ளலாம், ஆனால் எல்லோரும் அதே நேரத்தில்தான் வருவார்கள்.

படி 8: இரவு தங்கும் இடத்தில்

முகாம் மைதானத்தில் மின்சாரம் இருந்தால் அது பெரிய பலம். 230 வோல்ட், 10 ஆம்பியர் பிளக்கிலிருந்து 2.3 கிலோவாட் கிடைக்கும். பத்து மணி நேரத்தில் 23 யூனிட், இழப்பு போக டிரெய்லரோடு ஐம்பது கி.மீ. 16 ஆம்பியர் என்றால் இன்னும் நல்லது. ஆனால் கேட்காமல் மாட்டாதீர்கள். பல மைதானங்களின் வயரிங் விளக்குக்கும் ஃபிரிட்ஜுக்கும் போட்டது, இரவு முழுக்கக் கார் இழுத்தால் வரிசையாக எல்லார் கேரவனும் இருட்டாகிவிடும். சார்ஜிங் கேபிளில் ஆம்பியரைக் குறைக்கும் வசதி இருந்தால் 8 அல்லது 6-ல் வைத்து நீண்ட நேரம் போடுவது நல்லது. எக்ஸ்டென்ஷன் வயரைச் சுருளிலிருந்து முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள், சுருட்டி வைத்த வயர் சூடேறும்.

மின்சாரமே இல்லாத இடத்தில் காரே கேரவனுக்கு மின்சாரம் கொடுக்கலாம். ஐயோனிக் 5 போன்ற கார்கள் 3.6 கிலோவாட் வரை வெளியே கொடுக்கும். ஃபிரிட்ஜ், விளக்கு, ஃபோன் சார்ஜர் எல்லாம் சேர்த்து ஓர் இரவுக்கு இரண்டு மூன்று யூனிட்தான். ஹீட்டரோ ஏசியோ ஒரு கிலோவாட்டில் எட்டு மணி நேரம் ஓடினால் 8 யூனிட், அதாவது மறுநாளின் 20 கி.மீ. அடுத்த சார்ஜர் எவ்வளவு தூரம் என்று பார்த்துவிட்டு எல்லையை வைத்துக்கொள்ளுங்கள். இத்தனை சதவீதத்துக்குக் கீழே போனால் நிறுத்து என்று காரிலேயே சொல்லி வைக்கலாம்.

தங்கிய இடம் மலை மேல் என்றால் மட்டும் பேட்டரியை முழுவதும் நிரப்பாதீர்கள். நிறைந்த பேட்டரியில் ரீஜெனுக்கு இடம் இருக்காது. காலையில் கிளம்பியவுடனே வரும் நீண்ட இறக்கத்தில் மொத்தப் பாரத்தையும் சாதாரண பிரேக்கே தாங்க வேண்டியிருக்கும். 85 சதவீதத்தில் நிறுத்துங்கள். அடிவாரத்துக்கு வரும்போது மீட்டர் தானாகவே சற்று ஏறியிருக்கும்.